உழைச்செல்வான்: தமிழ்ப் படைப்புகளில் நோயாளியைப் பேணுவோர் நிலை

திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளை ஒருநாள் ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். நோயுற்றவன், நோயைத் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிலிருந்து அதனை முறைப்படி கொடுப்பவன் ஆகிய நான்கு கூறுகளும் சேர்ந்ததே மருத்துவம் என்பது அக்குறளின் கருத்து. நான்காமவனை வள்ளுவர் 'உழைச்செல்வான்' என்கிறார். உழை என்றால் பக்கம்; உழைச்செல்வான் என்றால் பக்கத்தில் நின்று பணிபுரிபவன். இவ்வளவும் சொல்லி முடித்தபோது பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்தாள். "ஐயா, பக்கத்தில் இருப்பவருக்கே நோய் வந்துவிட்டால் அவருக்குப் பக்கத்தில் யார் இருப்பார்கள்?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு அடுத்த அதிகாரத்திற்குப் போய்விட்டேன்.

அவளுடைய தந்தைக்குச் சிறுநீரகம் பழுதுபட்டிருந்தது. வாரத்தில் மூன்று நாள், நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் அவர் இரத்தச் சுத்திகரிப்புக் கருவியோடு இணைந்திருக்க வேண்டியிருந்தது. அவரை அழைத்துச் சென்று அழைத்து வருவதற்காக அவள் தாய் தொழிற்சாலை வேலையை விட்டிருந்தார். இவை எனக்குப் பின்னரே தெரிய வந்தன. அவள் கேட்டது வேடிக்கைக் கேள்வியன்று. தன் வீட்டில் நாள்தோறும் கண்டதை அவள் குறளிடம் கேட்டாள். குறளுக்காக விடை சொல்ல வேண்டிய நான் சிரித்தேன்.

அந்தக் கேள்வியை நம் இலக்கியத்தின்முன் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நெடுநாள் நோயாளியைப் பேணும் குடும்பத்தவரைத் தமிழ்ப் படைப்புகள் எவ்வாறு காட்டியுள்ளன? அவர்களுடைய பண்பைக் காட்டியுள்ளனவா, வாழ்வைக் காட்டியுள்ளனவா? இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதே நான் சொல்ல வந்தது.

குறளும் உரையும்

முதலில் வள்ளுவருக்கு உரிய பெருமையை அளித்துவிட வேண்டும். மருத்துவத்தைப் பற்றிப் பேசப் புகுந்தவர் மருத்துவனோடும் மருந்தோடும் நின்றிருக்கலாம். அருகிலிருப்பவனையும் கூட்டி நான்காக எண்ணியதால், நோய் என்பது ஒருவன் உடலில் மட்டும் நிகழ்வதன்று, அவன் வீட்டிலும் நிகழ்வது என்ற உண்மை அக்குறளில் இடம்பெற்றுவிட்டது.

பரிமேலழகர் இந்நான்கினையும் மேலும் நந்நான்காகப் பகுத்துக் காட்டுகிறார். நோயாளிக்கு வேண்டியவற்றுள் பொருளுடைமையை முதலில் வைக்கிறார். மருத்துவன் சொன்னபடி நடத்தல், நோயின் நிலையை உணர்த்துதல், மருந்தின் துன்பத்தைப் பொறுத்தல் ஆகியவை பின்னர் வருகின்றன. அருகிருப்பவனுக்கோ நோயாளியிடம் அன்பு, மனமொழிமெய்த் தூய்மை, சொன்னதைச் சொன்னவாறே செய்து முடிக்கும் வன்மை, அறிவு ஆகிய நான்கும் வேண்டும் என்கிறார். இன்றைய செவிலியர் பயிற்சிக் கல்லூரியிலும் இந்நான்கினையே வேறு சொற்களால் கற்பிப்பார்கள். உரையாசிரியரின் நுட்பம் வியக்கத்தக்கது.

ஆயினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். பொருள் நோயாளியிடம் இருக்க வேண்டுமாம். அன்பு அருகிருப்பவனிடம் இருக்க வேண்டுமாம். நோயாளியிடம் பொருள் இல்லாதபோது என்ன ஆகும்? வேலையை விட்டுவிட்டு அருகில் அமர்ந்த மனைவியிடமும் பொருள் இல்லாதபோது என்ன ஆகும்? அன்புடைமை என்னும் ஒரே முதலைக் கொண்டு அத்தனை செலவையும் ஈடுகட்ட வேண்டியதாகிறது. உரையில் உள்ள நான்கும் அருகிருப்பவன் கொடுக்க வேண்டியவை. அவனுக்குக் கிடைக்க வேண்டியது எதுவும் அப்பட்டியலில் இல்லை. மருந்தியலை விளக்க வந்த உரையில் அதை எதிர்பார்ப்பது முறையன்று என்று கூறலாம். அது சரியே. ஆனால் அந்தப் பட்டியலை நிறைவு செய்ய வேண்டிய பொறுப்பு, மனித மனத்தைப் பேசுவதாகச் சொல்லிக்கொள்ளும் கதைக்கும் நாவலுக்கும் உண்டல்லவா?

களைப்பறியாத கற்பு

நம்மிடம் வழங்கும் நளாயினி கதையைப் பெரும்பாலோர் பாட்டியின் வாயிலாகவே கேட்டிருப்போம். தொழுநோயுற்ற கணவனைக் கூடையில் வைத்துத் தலையில் சுமந்து, அவன் விரும்பிய பரத்தையின் வீட்டிற்கே கொண்டுசெல்கிறாள் அவள். வழியில் கழுவில் இருந்த முனிவர்மீது கூடை இடிக்கிறது. பொழுது விடிந்தால் அக்கணவன் இறப்பான் என்று அவர் சாபமிடுகிறார். அவள் விடியலையே நிறுத்திவிடுகிறாள். கற்பின் ஆற்றலுக்குச் சான்றாக இக்கதையை மேடைதோறும் கேட்கிறோம்.

இதில் ஞாயிறு நின்றது சொல்லப்படுகிறது. சுமந்தவளின் கழுத்து வலித்ததா என்பது சொல்லப்படவில்லை. அவளுக்குப் பசி உண்டா, உறக்கம் உண்டா, கணவன் விரும்பிய இடத்தின் பெயரைக் கேட்டபோது ஒரு கணமேனும் நெஞ்சு கசந்ததா என்னும் வினாக்களுக்குக் கதையில் இடமே இல்லை. புராணத்தின் நோக்கம் வேறு என்பதை அறிவேன். ஆனால் அந்த வார்ப்பிலேயே நம் மேடைப் பேச்சும் திரைப்படமும் பரிசுக் கதையும் காலங்காலமாகத் தங்கள் மனைவியரையும் மருமகள்களையும் வார்த்து எடுத்தன என்பதே நாம் எண்ணிப்பார்க்க வேண்டியது.

ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' 1962இல் வெளிவந்தது. புற்றுநோயுற்ற கணவன், அவனுக்குத் துணையாக மருத்துவமனையில் தங்கும் மனைவி, அவளை முன்பு காதலித்த மருத்துவர் ஆகிய மூவரைச் சுற்றிய கதை அது. தான் இறந்தால் மனைவி அம்மருத்துவரையே மணந்துகொள்ள வேண்டும் என்று கணவன் கேட்கிறான். அக்காலத் திரையுலகில் இது துணிவான கருத்து. எனினும் அப்படத்தில் மனைவிக்கு ஏற்படும் சோதனை முழுவதும் கற்பைப் பற்றியதே. அவள் மனம் யார் பக்கம் என்பதே வினா. நோயாளியின் அருகிலேயே இருந்து இருந்து அவள் உடலும் உறக்கமும் என்னவாயின என்பது அங்கே வினாவாக எழவில்லை. நளாயினியின் கூடை மருத்துவமனைக் கட்டிலாக மாறியிருக்கிறது, அவ்வளவே.

அளவுகோல் ஒன்று

வாழ்வைக் காட்டுவது என்று சொல்லும்போது எதைக் கருதுகிறோம் என்று தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. இதற்கு மருத்துவ உலகம் உருவாக்கிய அளவுகோல் ஒன்றை இரவல் பெறலாம். உலகச் சுகாதார நிறுவனம் வாழ்க்கைத் தரம் என்பதை வருவாயைக் கொண்டு அளப்பதில்லை. தாம் வாழும் பண்பாட்டுச் சூழலில், தம் குறிக்கோள்களையும் எதிர்பார்ப்புகளையும் வைத்து, தம் நிலையை ஒருவர் எவ்வாறு உணர்கிறார் என்பதே அதன் விளக்கம். அந்நிறுவனத்தின் 26 வினாக்கள் கொண்ட சுருக்கப் பட்டியல் உடல், உள்ளம், பிறரோடு உள்ள உறவு, சுற்றுச்சூழல் என்னும் நான்கு துறைகளில் வாழ்வை அளக்கிறது. மருத்துவத்திற்கு வள்ளுவர் கூறிய நான்கினைப் போல வாழ்வுக்கும் ஒரு நான்கு கிடைத்திருக்கிறது எனலாம்.

பேணுவோருக்கென்றே தனி வினாத்தாளும் உண்டு. அமெரிக்க அறிஞர் ஸ்டீவன் சாரிட்டும் அவருடன் பணியாற்றியோரும் 1980இல் வெளியிட்ட சுமை அளவீடு அது. பின்னர் 22 வினாக்களாகச் சுருக்கப்பட்டுப் பல நாடுகளில் பயன்பட்டு வருகிறது. உங்களுக்கென்று நேரம் இல்லை என்று எண்ணுகிறீர்களா என்று அது கேட்கிறது. நோயாளியின் அருகில் இருக்கும்போது சினம் வருகிறதா என்று கேட்கிறது. அதே தாளில், அவருக்காக இன்னும் அதிகம் செய்திருக்க வேண்டும் என்று எண்ணுகிறீர்களா என்றும் கேட்கிறது. ஒரே நெஞ்சில் சினமும் குற்றவுணர்வும் சேர்ந்து குடியிருக்கலாம் என்பதை அத்தாளைத் தயாரித்தவர்கள் அறிந்திருந்தார்கள். கதாசிரியன் அறிந்திருக்க வேண்டியதும் அதுவே.

மாணவியின் கேள்விக்கு மருத்துவம் அளித்த விடையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வாழ்க்கைத் துணையைப் பேணிவந்த அமெரிக்க முதியோரை நான்காண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 1999இல் வெளியாயிற்று. பேணும் பணியால் மனவிறுக்கத்திற்கு ஆளானோர் அக்காலத்திற்குள் இறப்பதற்கான வாய்ப்பு, அப்பணி இல்லாதோரைவிட 63 விழுக்காடு மிகுதியாக இருந்தது. பக்கத்தில் இருப்பவருக்கும் நோய் வரும் என்பது கற்பனையன்று.

பிரமநாயகம் பிள்ளையின் மௌனம்

இந்த அளவுகோலோடு புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' கதையை அணுகுவோம். அது வெளிவந்த ஆண்டு 1943. இவ்வினாத்தாள்கள் எவையும் பிறவாத காலம்.

கதை செல்லம்மாளின் மரணத்தோடு தொடங்குகிறது. உறவினர் எல்லாரும் தெற்கே தொலைவில் இருக்க, சென்னைப் பட்டணத்தில் கணவர் பிரமநாயகம் பிள்ளை ஒருவரே அவள் உடலோடு இருக்கிறார். அவர் துணிக்கடை ஒன்றில் குறைந்த ஊதியத்திற்கு வேலை செய்பவர். மனைவியோ நெடுநாளாக நோயில் கிடப்பவள். காலையில் அவளுக்கு வேண்டியவற்றைச் செய்து வைத்துவிட்டுக் கடைக்குப் போக வேண்டும். மாலையில் அவள் எந்த நிலையில் கிடப்பாளோ என்ற எண்ணத்தோடு திரும்ப வேண்டும். வேலைக்குப் போகாவிட்டால் மருந்தில்லை. போனால் அருகில் ஆளில்லை. பேணுவோரின் முதல் துன்பம் இந்த முடிச்சுத்தான். இன்று கோலாலம்பூர் அடுக்குமாடி வீட்டிலும் சிங்கப்பூர் அடுக்குமாடி வீட்டிலும் இதே முடிச்சு அவிழாமல் கிடக்கிறது.

இக்கதையில் பேணுபவர் ஆண் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. நளாயினி மரபைப் புதுமைப்பித்தன் தலைகீழாகத் திருப்பினார். பெண்ணாக இருந்தால் கற்பு என்னும் சொல் உடனே குறுக்கே வந்து வாசகனின் கண்ணை மறைத்திருக்கும். ஆணாக இருப்பதால் அச்சொல்லுக்கு வேலையில்லை. அடுப்பும் வெந்நீரும் ஒற்றடமும் கடைக்குப் போகும் நேரமும் மட்டும் எஞ்சி நிற்கின்றன. நோயாளியைப் பேணுதல் என்பது ஓர் அறம் என்பதோடு அது ஓர் உழைப்பு என்பதும் தமிழ்க் கதையில் இங்கேதான் கண்ணுக்குத் தெரிகிறது.

இதனினும் பெரிது ஒன்று உண்டு. மனைவி இறந்தவுடன் பிரமநாயகம் பிள்ளை கதறவில்லை. சுமை ஒன்று இறங்கிய களைப்பே அவரிடம் தெரிகிறது. இதைப் படித்த மாணவர்கள் சிலர், "இவருக்கு மனைவிமீது அன்பில்லையா?" என்று கேட்பதுண்டு. அன்பில்லாதவர் பண்டிகைக்கென்று கடையிலிருந்து சேலைகளைக் கொண்டுவந்து, படுக்கையில் கிடப்பவளுக்கு எது பிடிக்கிறது என்று கேட்பாரா? உயிர்போன உடலைத் தம் கையாலேயே குளிப்பாட்டுவாரா? அன்பு இருந்தது, நிம்மதியும் இருந்தது. ஒன்றை ஒன்று பொய்யாக்கவில்லை. இரண்டையும் ஒரே அறையில் அமர்த்தி, எதற்காகவும் மன்னிப்புக் கேட்காமல் நகர்கிறது கதை. தமிழில் பேணுவோரைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் இதற்கு முதலிடம் கொடுக்க நான் தயங்கமாட்டேன்.

செல்லம்மாளும் வெறும் சுமையாக வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எழக்கூடாது என்று அவர் சொன்னாலும், அவருக்கு ஏதேனும் ஆக்கி வைக்க வேண்டும் என்ற தவிப்பு அவளுக்கு இருக்கிறது. பேணப்படுபவள் பேணுபவரைப் பேண முயல்கிறாள். வினாத்தாள்கள் உறவு என்று ஒரு துறையைக் குறித்தன. இக்கதை அதன் உயிரைக் காட்டுகிறது.

இக்கதை வெளிவந்து ஐந்தே ஆண்டுகளில், 1948இல், புதுமைப்பித்தன் காசநோயால் மாண்டார். அருகிருப்பவரின் களைப்பை அத்துணை நுட்பமாக எழுதியவர் தாமே நோயாளியாகி முடிந்தார்.

எஸ்தரின் இரவு

வண்ணநிலவனின் 'எஸ்தர்' நோயைப் பற்றிய கதை அன்று. பஞ்சத்தைப் பற்றிய கதை என்றே பலரும் வகைப்படுத்துவர். மழை பொய்த்து ஊரே காலியாகிறது. எஸ்தரின் குடும்பமும் பிழைப்புத் தேடிப் புறப்பட வேண்டும். வீட்டில் நடமாட இயலாத பாட்டி ஒருத்தி இருக்கிறாள். அவளை அழைத்துச் செல்லவும் முடியாது. விட்டுச் செல்லவும் முடியாது. புறப்பாட்டுக்கு முன் ஓர் இரவில் பாட்டியின் உயிர் பிரிகிறது. எவ்வாறு பிரிந்தது என்பதை ஆசிரியர் வெளிப்படையாகச் சொல்லவில்லை. சொல்லாமலே நமக்குத் தெரிந்துவிடுகிறது.

எஸ்தரைக் கொடியவள் என்று எந்த வாசகனாலும் சொல்ல முடியவில்லை. அதுதான் கதையின் வெற்றி. அதுவரை அந்தக் குடும்பம் முழுவதையும் தாங்கி நின்றவள் அவளே. எல்லோர் சோற்றையும் பங்கிட்டவள் அவளே. நான்கு துறைகளுள் சுற்றுச்சூழல் என்று சொன்னோமே, அது முற்றிலும் அழியும்போது அன்பு எங்கே போய் நிற்கும் என்பதை இக்கதை காட்டுகிறது. தண்ணீர் இல்லை, தானியம் இல்லை, ஊர் இல்லை. அன்புடைமை என்னும் ஒரே முதலை வைத்துக்கொண்டு எவ்வளவு நாள் குடும்பம் நடத்தலாம் என்று பரிமேலழகரின் பட்டியலை நோக்கி நான் எழுப்பிய வினாவுக்கு வண்ணநிலவன் தரும் விடை கொடியது, ஆனால் நேர்மையானது.

பேணுவோரைத் தனியே விட்டுவிட்டு அவர்களிடம் மேலும் மேலும் அறத்தைக் கேட்கும் சமூகம், ஒருநாள் அந்த இரவுக்கும் பொறுப்பேற்க வேண்டும். கதையின் மௌனத்திலிருந்து நான் பெறும் பொருள் இதுவே.

நம் மண்ணில்

மலேசியத் தமிழ் நாவல்களில் இப்பொருளை நேருக்கு நேர் சந்தித்தது ரெ. கார்த்திகேசுவின் 'அந்திம காலம்'. நூல் வெளிவந்த ஆண்டு 1998. பினாங்கில் வாழும் சுந்தரம் என்னும் முதியவருக்குப் புற்றுநோய் காண்கிறது. அதே வீட்டில் பேரன் பரமேசையும் இரத்தப் புற்றுநோய் பற்றுகிறது. மனைவி ஜானகி இருவருக்கும் இடையில் நிற்கிறார்.

இந்நாவலின் அமைப்பே ஓர் அரிய உண்மையை உணர்த்துகிறது. நோயாளி வேறு, பேணுபவர் வேறு என்னும் பிரிவு இங்கே உடைந்துபோகிறது. தன் நோயைச் சுமக்கும் தாத்தாவே பேரனுக்கு உழைச்செல்வானாகவும் ஆகிறார். தன் மரணத்தை எண்ணி அஞ்சியவர் குழந்தையின் வலிக்கு முன்னால் தன் அச்சத்தை ஒதுக்கி வைக்க வேண்டியவராகிறார். பேணுதல் மனிதனைத் தேய்க்கிறது என்று இதுவரை சொல்லி வந்தேன். சில வேளைகளில் அது மனிதனை நிமிர்த்தவும் செய்யும் என்பதை இந்நாவல் கூறுகிறது. அந்த உண்மையையும் மறைக்கலாகாது.

எனினும் நாவல் சுந்தரத்தின் மனவோட்டத்தையே பின்தொடர்கிறது. ஜானகியை அவர் கண்வழியேதான் பார்க்கிறோம். மருத்துவமனை வாசலில் காத்திருக்கையில் அவர் தமக்குள் என்ன பேசிக்கொண்டார்? கணவனா பேரனா என்று மனம் பிளவுபட்ட நாளில் எப்படி உறங்கினார்? சுந்தரத்தின் மனத்தில் நாவலாசிரியர் அமைத்த விளக்கு அத்தனை ஒளியுடையது என்பதால்தான், அருகில் உள்ள ஜானகி நிழலில் நிற்பது நமக்குத் தெரிகிறது. இது நாவலின் குறை என்பதைவிட, அடுத்து எழுத வருவோருக்கு அது விட்டுவைத்த இடம் என்பதே பொருந்தும்.

எம். வி. வெங்கட்ராமின் 'காதுகள்' நாவலையும் இங்கே நினைவு கூரலாம். 1993இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அந்நாவல், காதுக்குள் ஓயாது குரல்கள் கேட்கும் மகாலிங்கத்தின் வேதனையைச் சொல்வது. அக்குரல்கள் வாசகனுக்கும் கேட்கின்றன. ஆனால் அவற்றைக் கேட்க முடியாமல், அவற்றால் நிலைகுலைந்த மனிதனோடும் வறுமையோடும் குடும்பம் நடத்தும் மனைவிக்கு என்ன கேட்டது? நோயாளியின் பக்கத்திலிருந்து எழுதப்பட்ட மிகச் சிறந்த படைப்புக்கூட, பக்கத்தில் இருப்பவரின் பக்கத்தை எழுதாமல் விட்டுவிடுகிறது.

நம் நாட்டில் இப்பொருள் எத்தனை வீடுகளைத் தொடுகிறது என்பதை ஓர் எண்ணால் உணரலாம். 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியாவில் வளர்ந்தோருள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31 விழுக்காட்டைத் தாண்டியது. நீரிழிவு சிறுநீரகத்தையும் கண்ணையும் காலையும் இரத்தக் குழாய்களையும் பற்றும் நோய். ஆகவே நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளில் சிலரேனும் காலையில் தந்தைக்கு ஊசி போட்டுவிட்டோ, பாட்டியின் காற்புண்ணுக்குக் கட்டு மாற்றிவிட்டோ பள்ளிக்கு வருகிறார்கள். நாம் அவர்களிடம் வீட்டுப்பாடம் ஏன் முடிக்கவில்லை என்று கேட்கிறோம்.

மெழுகுவர்த்தி

இப்போது ஆசிரியர்களாகிய நம் பக்கம் திரும்ப வேண்டும். 'என் தாய்', 'நான் போற்றும் ஒருவர்' போன்ற தலைப்புகளில் நம் மாணவர் எழுதும் கட்டுரைகளை எண்ணிப் பாருங்கள். நோயுற்ற கணவனையோ மாமியாரையோ பேணும் தாய் வந்தால், அடுத்த வரியில் மெழுகுவர்த்தி வந்துவிடும். தன்னை உருக்கிப் பிறருக்கு ஒளி தரும் மெழுகுவர்த்தி. நாம் அதன் அருகில் சிவப்பு மையால் 'நன்று' என்று எழுதுகிறோம். சிறுகதைப் போட்டிகளுக்கு வரும் கதைகளிலும் இதே மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருக்கிறது. முகஞ்சுளிக்காத மருமகள், இறுதியில் மனம் திருந்தும் மாமியார், வாசலில் நிற்கும் மருத்துவ வண்டி. பேணுபவள் ஒருமுறைகூடச் சலித்துக்கொள்வதில்லை.

இவ்வுவமையை ஒருமுறை உற்று நோக்க வேண்டும். மெழுகுவர்த்தி உருகுவதற்கென்றே செய்யப்பட்ட பொருள். உருகி முடிந்தால் இன்னொன்றை ஏற்றுவோம். தாயை அவ்வாறு சொல்வது புகழ்ச்சியா? அவள் தேய்வதை இயற்கை என்று ஆக்கிவிடும் சொல் அது. தேய்வை அழகாக்கிய பின் அதைத் தடுக்க வேண்டும் என்ற எண்ணம் எவருக்கும் எழாது. புகழ்ச்சி சில வேளைகளில் வாய்ப்பூட்டாகவும் ஆகிவிடும். தியாகச் செம்மல் என்று ஊரே சொன்ன பிறகு, "எனக்கு இன்று முடியவில்லை" என்று அவளால் எப்படிச் சொல்ல முடியும்?

தியாகத்தைக் கொச்சைப்படுத்துகிறேன் என்று எவரும் கருத வேண்டியதில்லை. களைப்பே இல்லாதவர் செய்வது தியாகமாகாது. எதை இழந்தார் என்பது தெரிந்தால்தான் எதைக் கொடுத்தார் என்பதும் தெரியும். பிரமநாயகம் பிள்ளையின் சோர்வை மறைத்திருந்தால் அவருடைய அன்பும் நமக்குத் தெரியாமல் போயிருக்கும்.

ஆகவே நம்மால் இயன்ற சிலவற்றைச் செய்யலாம். இக்குறளைக் கற்பிக்கும்போது நான்காம் கூற்றோடு நிறுத்தாமல், உங்கள் வீட்டில் உழைச்செல்வான் யார் என்று கேட்கலாம். 'செல்லம்மாள்' கதையை மேல்வகுப்பு மாணவரோடு சேர்ந்து படித்து, அந்தக் கணவரின் ஒரு நாளை நேரப்படி எழுதச் சொல்லலாம். கட்டுரையில் மெழுகுவர்த்தி வந்தால் அதன்கீழ் 'நன்று' என்பதற்குப் பதிலாக, 'உன் தாய் நேற்று எத்தனை மணிக்கு உறங்கினார்?' என்று எழுதலாம். உவமை போய் வாழ்வு வரும். நல்ல எழுத்தும் அங்கேதான் தொடங்கும்.

முடிவாக

பேணுவோரை வள்ளுவர் எண்ணிக்கையில் சேர்த்தார். புராணம் அவர்களை வானத்தில் ஏற்றியது. புதுமைப்பித்தனும் வண்ணநிலவனும் அவர்களைத் தரைக்கு இறக்கி, அவர்களுக்கும் உடல் உண்டு, நேரம் உண்டு, வெறுப்பும் விடுதலையும் உண்டு என்று காட்டினார்கள். ரெ. கார்த்திகேசு அந்த மனிதரை நம் பினாங்கு வீட்டிற்கு அழைத்து வந்தார். ஜானகியின் கதையும், என் மாணவியின் தாயின் கதையும் இன்னும் எழுதப்படவில்லை.

அம்மாணவி அவ்வாண்டு எழுதிய கட்டுரை ஒன்று என் நினைவில் இருக்கிறது. அதில் தன் தாயை அவள் மெழுகுவர்த்தி என்றே எழுதியிருந்தாள். வகுப்பில் எழுந்து நின்று அத்தனை கூர்மையான கேள்வியைக் கேட்டவள், கட்டுரை என்று வந்ததும் நாங்கள் கற்பித்த உவமையை எடுத்துக்கொண்டாள். நான் அதற்கு முழு மதிப்பெண் கொடுத்தேன். அவளுடைய கேள்விக்குத்தான் மதிப்பெண் கொடுத்திருக்க வேண்டும் என்பதை உணர எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.